கரியமில வாயுவுக்குக் காவலர் யார்? தில்லியின் ரூ.20 ஆயிரம் கோடியும் கொச்சியின் கேள்விகளும்

கொச்சி: கார்த்திகை பிறந்துவிட்டால் கொச்சிக் காயலின் தாழ்ந்த கரைகளில் வாழ்வோர் பிறைக்கணக்கைப் பார்க்கத் தொடங்கிவிடுவர். மலையாளிகள் "விருச்சிக வேலியேற்றம்" என்று அழைக்கும் கடல் ஏற்றத்தின் நாள்கள் அவை. மட்டாஞ்சேரியின் வாய்க்கால்கள் வழியே உப்புநீர் ஏறிவந்து தெருக்களை நனைத்துத் திரும்பும். மிளகும் சுக்கும் ஏலமும் பல நூற்றாண்டுகளாகக் கைமாறிய வணிகத் தெருக்கள் அவை. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளதாக ஐ.நா.வின் பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2021-இல் அறிவித்தது. மட்டாஞ்சேரி போன்ற பகுதிகளுக்கு அந்த 20 சென்டிமீட்டர் வாசற்படியின் உயரம்.

இதே மாநகரின் கிழக்கே அம்பலமுகளில் பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை இயங்குகிறது. அதன் திறன் ஆண்டுக்கு 1.55 கோடி டன். வடக்கே ஏலூரில், திருச்சியின் சேஷசாயி சகோதரர்களுடைய முயற்சியால் 1943-இல் உருவான "ஃபாக்ட்" உரத் தொழிற்சாலை உள்ளது. கடல் ஏறக் காரணமான கரியமில வாயுவை வெளியிடும் தொழில்களும், அக்கடல் ஏறிவரும் தெருக்களும் ஒரே மாநகரில் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன.

2026 பிப்ரவரி 1-ஆம் தேதி மத்திய பட்ஜெட்டைத் தாக்கல் செய்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், கரியமில வாயுவைப் பிடித்துப் பயன்படுத்தவும் சேமிக்கவும் 5 ஆண்டுகளில் ரூ.20 ஆயிரம் கோடி ஒதுக்க முன்மொழிந்தார். மின்சாரம், உருக்கு, சிமென்ட், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, ரசாயனம் ஆகிய 5 துறைகள் இதற்காக அடையாளம் காணப்பட்டன. அவற்றுள் கடைசி இரண்டும் கொச்சியின் அடையாளமாகவே விளங்குபவை. எனவே, இத்தொழிலை நாட்டில் வழிநடத்தப் போகிறவர்கள் யார், அவர்கள் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பது தில்லியின் அலுவலக அறைகளோடு முடிந்துவிடும் கேள்வியல்ல.

மூன்று படிகள்

புகைபோக்கி வழியே வெளியேறும் புகையில் நைட்ரஜன்தான் அதிகம். அதிலிருந்து கரியமில வாயுவைத் தனியே பிரிக்க, "அமீன்" வகைக் கரைசல்களின் ஊடே புகையைச் செலுத்துகின்றனர். கரைசல் கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும். பின்னர் சூடேற்றினால் விடுவிக்கும். இது முதல் படி. பிரித்த வாயுவை அழுத்திக் குழாயிலோ கப்பலிலோ கொண்டுசெல்வது இரண்டாவது படி. நிலத்தடிப் பாறை அடுக்குகளில் செலுத்தி நிரந்தரமாக மூடுவது மூன்றாவது படி. சேமிக்காமல் சோடா உப்பு, மெத்தனால், யூரியா போன்ற பொருள்களாக மாற்றினால் அது "பயன்பாடு" எனப்படுகிறது.

செலவின் பெரும்பகுதி முதல் படியிலேயே உள்ளது. கரைசலைச் சூடேற்ற நீராவி வேண்டும். நீராவிக்கு எரிபொருள் வேண்டும். அமோனியா ஆலைகளில் நிலைமை வேறு. அங்கே கரியமில வாயுவைப் பிரிப்பது உற்பத்தியின் ஓர் அங்கமாகவே இருப்பதால், அடர்த்தியான வாயு தனியே கிடைத்துவிடுகிறது. சுத்திகரிப்பு ஆலைகளின் ஹைட்ரஜன் பிரிவுகளிலும் ஏறத்தாழ இதே நிலைதான். குறைந்த செலவில் தொடங்க ஏற்ற இடங்களின் பட்டியலில் கொச்சி போன்ற தொழில் நகரங்கள் இடம்பெறுவதற்கு இதுவே காரணம்.

தூத்துக்குடி காட்டிய வழி

இத்தொழிலில் இந்தியாவை உலகம் திரும்பிப் பார்க்க வைத்தது தமிழகத்தின் தூத்துக்குடி. அங்குள்ள தூத்துக்குடி அல்கலி ரசாயன மற்றும் உர நிறுவனத்தின் நிலக்கரிக் கொதிகலனிலிருந்து ஆண்டுக்கு 60 ஆயிரம் டன் கரியமில வாயுவைப் பிடித்து, அதைச் சோடா உப்பாக மாற்றும் திட்டம் 2017 ஜனவரியில் சர்வதேச ஊடகங்களில் செய்தியானது. அரசு மானியம் இன்றி நிறைவேறியது அதன் தனிச்சிறப்பு.

தொழில்நுட்பத்தை அளித்தது "கார்பன் க்ளீன்" நிறுவனம். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அனிருத்த சர்மா, பிரதீக் பம்ப் ஆகிய இரு இளைஞர்கள் தொடங்கிய நிறுவனம் அது. ஒருவர் நிர்வாகத்தையும் மற்றவர் தொழில்நுட்பத்தையும் தலைமையேற்று நடத்தினர். ஒரு டன் வாயுவைப் பிடிக்க ஏனையோருக்கு 60 முதல் 90 டாலர் வரை ஆகும்போது, தங்களால் சுமார் 30 டாலரில் முடியும் என்று அவர்கள் அறிவித்தனர். தொடக்கத்தில் இந்தியாவில் அவர்களுக்கு முதலீடு கிடைக்கவில்லை. ஆதரவு தந்தது பிரிட்டன் அரசு. நிறுவனத்தின் தலைமையகமும் லண்டனில் அமைந்தது.

தூத்துக்குடி ஆலையின் அன்றைய நிர்வாக இயக்குநர் ராமச்சந்திரன் கோபாலன், பூமியைக் காப்பது தமது நோக்கமாக இருக்கவில்லை என்றும், தொழிலுக்குத் தடையின்றிக் கரியமில வாயு தேவைப்பட்டதே காரணம் என்றும் ஒளிவுமறைவின்றிக் கூறினார். அந்த வெளிப்படையான பேச்சிலேயே இத்தொழிலின் பலமும் பலவீனமும் அடங்கியிருக்கின்றன. வாங்குவோர் இருக்கும் வரையே பிடிப்பது லாபம். சோடா உப்பு கண்ணாடி உலைக்குள் சென்று உருகும்போது, அதில் அடைபட்ட வாயுவின் பெரும்பகுதி மீண்டும் காற்றில் கலக்கும். ஆகவே பயன்பாட்டைச் சேமிப்பாகக் கணக்கு வைக்க முடியாது. நாட்டின் ஆண்டு உமிழ்வு சுமார் 300 கோடி டன். அதில் தூத்துக்குடியின் 60 ஆயிரம் டன் 50 ஆயிரத்தில் ஒரு பங்கு.

அதே நிறுவனத்துடன் இணைந்து, ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கும் ஆலையை அரியலூரில் அமைக்கப்போவதாக டால்மியா சிமென்ட் நிறுவனம் 2019-இல் அறிவித்தது. டாடா ஸ்டீல் 2021-இல் ஜாம்ஷெட்பூரில் நாளொன்றுக்கு 5 டன் பிடிக்கும் ஆலையைத் தொடங்கியது. என்.டி.பி.சி. 2022-இல் விந்தியாசல் அனல்மின் நிலையத்தில் நாளொன்றுக்கு 20 டன் பிடிக்கும் அமைப்பை நிறுவியது. 4,760 மெகாவாட் திறன் கொண்ட அந்நிலையம் நாள்தோறும் வெளியிடும் கரியமில வாயுவோ பல்லாயிரம் டன்.

தலைமை எங்கே இருக்கிறது?

தில்லியில் இத்துறைக்குத் தனியொரு தலைமை இல்லை. கொள்கை வரைவை 2022 நவம்பரில் வெளியிட்டது நீதி ஆயோக். அப்போது அதன் உறுப்பினராக இருந்த முன்னாள் டி.ஆர்.டி.ஓ. தலைவர் வி.கே. சாரஸ்வத் இதில் மிகுந்த ஆர்வம் காட்டினார். ஆராய்ச்சி, அறிவியல் தொழில்நுட்பத் துறையின் பொறுப்பில் உள்ளது. அதன் உதவியுடன் மும்பை ஐ.ஐ.டி.யிலும், பெங்களூரின் ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்திலும் தேசிய மையங்கள் அமைந்தன. பெங்களூர் மையத்தை வழிநடத்தும் செபாஸ்டியன் பீட்டர் உள்ளிட்டோர் தொடங்கிய "ப்ரீத்" நிறுவனம், கரியமில வாயுவை மெத்தனாலாக மாற்றும் முயற்சிக்காக 2018-இல் உலக அளவிலான கார்பன் எக்ஸ்பிரைஸ் போட்டியின் இறுதிச் சுற்றை எட்டியது.

எண்ணெய்க் கிணறுகள் பெட்ரோலிய அமைச்சகத்தின் வசம் உள்ளன. மின்நிலையங்கள் மின்துறையிடம் உள்ளன. சுற்றுச்சூழல் அனுமதியோ வேறோர் அமைச்சகத்தின் கையில். நிலத்தடியில் செலுத்திய வாயு 50 ஆண்டுகளுக்குப் பின் கசிந்தால் பொறுப்பு நிறுவனத்தினுடையதா, அரசினுடையதா என்பதைத் தீர்க்கும் தனிச் சட்டம் நாட்டில் இல்லை.

உலக அளவிலும் தலைமை பற்றிய விவாதம் ஓயவில்லை. ஆஸ்திரேலிய அரசின் முயற்சியால் 2009-இல் மெல்போர்னில் தொடங்கப்பட்ட உலகக் கார்பன் சேமிப்பு நிறுவனம், அரசுகளையும் எண்ணெய் நிறுவனங்களையும் ஆய்வு அமைப்புகளையும் உறுப்பினராகக் கொண்டது. 2022-இல் கார்பன் க்ளீன் நிறுவனம் திரட்டிய 15 கோடி டாலர் முதலீட்டுச் சுற்றுக்குத் தலைமை வகித்தது அமெரிக்க எண்ணெய் நிறுவனமான செவ்ரான். நிலத்தடியை நன்கறிந்த பொறியாளர்கள் எண்ணெய் நிறுவனங்களிடமே உள்ளனர் என்பது ஆதரவாளர்களின் வாதம். எண்ணெயும் நிலக்கரியும் இன்னும் சில பத்தாண்டுகள் நீடிக்க இது ஒரு சாக்கு என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு.

நார்வே தரும் பாடம்

இந்த இரு வாதங்களுக்கும் இடையே நார்வே ஒரு வழியைக் காட்டியது. அந்நாடு 1991-இல் கார்பன் வரி விதித்தது. காற்றில் விட்டால் வரி கட்ட வேண்டும் என்ற நிலை வந்ததும், 1996-இல் ஸ்லெய்ப்னர் எரிவாயு வயலில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் வாயுவைக் கடலடிப் பாறைக்குள் செலுத்தத் தொடங்கினர். 2025-இல் பிரேவிக் சிமென்ட் ஆலையில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் அமைப்பு தொடங்கப்பட்டது. அங்கிருந்து வாயு கப்பலில் சென்று கடலடியில் அடைக்கப்படுகிறது. சுண்ணாம்புக்கல்லே கரியமில வாயுவை வெளியிடுவதால் சிமென்டுக்கு மாற்று வழி குறைவு. அங்கு இச்செலவு நியாயமானது.

இதற்கு எதிரான எடுத்துக்காட்டுகளும் உண்டு. அமெரிக்காவின் மிசிசிபி மாநிலத்தில் கெம்பர் நிலக்கரி மின்திட்டத்தின் செலவு 700 கோடி டாலரைத் தாண்டிய பின், 2017-இல் அதன் நிலக்கரி வாயுவாக்கப் பகுதி கைவிடப்பட்டது. டெக்சாஸின் பெட்ரா நோவா ஆலை, எண்ணெய் விலை சரிந்ததால் 2020-இல் நிறுத்தப்பட்டு 2023-இல்தான் மீண்டும் இயங்கியது. வரியும் சட்டமும் இல்லாத இடத்தில் சந்தை விலையே இறுதி முடிவை எடுக்கிறது.

கணக்கும் கவலையும்

2050-க்குள் ஆண்டுக்கு 75 கோடி டன் என்பது நீதி ஆயோக் அறிக்கை முன்வைத்த அளவு. 2024-இல் உலகம் முழுவதும் இயங்கிய ஆலைகளின் மொத்தத் திறனே சுமார் 5 கோடி டன்தான். அதைப் போல 15 மடங்கை ஒரு நாடு எட்ட வேண்டும். டன்னுக்கு ரூ.5 ஆயிரம் செலவு என்று வைத்துக்கொண்டால், ரூ.20 ஆயிரம் கோடி முழுவதையும் பிடிப்பதற்கே செலவிட்டாலும் 4 கோடி டன்தான் பிடிபடும். இன்றைய அளவிலேயே நீடித்தால் அதே 5 ஆண்டுகளில் நாட்டின் உமிழ்வு 1,500 கோடி டன்னாக இருக்கும். ஆகவே இத்தொகையை விதை நெல்லாகக் கருதலாமே தவிர, விளைச்சலாகக் கருத முடியாது. விதையை எங்கே தூவுவது என்பதில்தான் தலைமையின் தகுதி தெரியும்.

பாரத் பெட்ரோலியம் தனது ஆலைகளின் நிகர உமிழ்வை 2040-க்குள் பூஜ்யமாக்குவதாக அறிவித்துள்ளது. கேரளத்தின் நிலப்பரப்பில் பெரும்பகுதி கடினப் பாறை. வாயுவைச் சேமிக்கத் தக்க நுண்துளைப் பாறை அடுக்குகள் அங்கே அரிது. எனவே கொச்சியில் பிடிபடும் வாயு பொருளாக மாற வேண்டும். அல்லது குழாயிலோ கப்பலிலோ நெடுந்தூரம் செல்ல வேண்டும். கொச்சி கப்பல் கட்டும் தளம் 2022-இல் நார்வே நிறுவனமொன்றுக்கு இரண்டு தானியங்கி மின்கப்பல்களைக் கட்டி அனுப்பியது. எனவே, கப்பல் வழியே தேர்வானால் அதற்கான தொழில்திறனும் இந்நகரில் உண்டு.

இல்லாதது நம்பிக்கை. 2024 மே மாதம் ஏலூர் - எடயார் பகுதியில் பெரியாற்றில் மீன்கள் பெருமளவில் செத்து மிதந்தன. கூண்டுகளில் மீன் வளர்த்தோர் ஒரே இரவில் முதலை இழந்தனர். தடுப்பணை திறக்கப்பட்டபோது ஆக்சிஜன் குறைந்த நீர் பாய்ந்ததே காரணம் என்றது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நீரில் அமோனியாவும் சல்ஃபைடும் அபாய அளவில் இருந்தன என்றது கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு. கண்ணெதிரே ஓடும் ஆற்றிலேயே காரணத்தில் உடன்பாடு இல்லாதபோது, கண்ணுக்குத் தெரியாத குழாய்க்கும் பாறைக்கும் யார் சாட்சி என்று மக்கள் கேட்பது இயல்பே.

அச்சத்துக்கு ஆதாரமும் உண்டு. 2020 பிப்ரவரியில் மிசிசிபியின் சடார்ஷியா கிராமத்தருகே கரியமில வாயுக் குழாய் வெடித்ததில் 45 பேர் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. சுமார் 200 பேர் வெளியேற்றப்பட்டனர். காற்றைவிடக் கனமான அவ்வாயு தாழ்வான பகுதிகளில் தேங்கக்கூடியது. மட்டாஞ்சேரியைப் போன்று நெருக்கமான குடியிருப்புகள் நிறைந்த தாழ்நிலக் கடற்கரையில் குழாய்ப் பாதை எதையும் தீர்மானிக்கும் முன் இது கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.

பணம் செலவாகும் முன்

மூன்று பணிகளை மத்திய அரசு முதலில் முடிக்க வேண்டும். நீண்டகாலப் பொறுப்பை வரையறுக்கும் சட்டம் வேண்டும். மாற்று வழியுள்ள மின்துறையைவிட, மாற்று அரிதான சிமென்ட், உருக்கு, ரசாயனத் துறைகளுக்கு முன்னுரிமை வேண்டும். பிடித்தது எவ்வளவு, புதைத்தது எவ்வளவு, மீண்டும் காற்றில் விட்டது எவ்வளவு என்ற கணக்கு, நிறுவனங்களைச் சாராத அமைப்பால் தணிக்கை செய்யப்பட்டு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். வழிநடத்தும் குழுவில் பொறியாளரும் முதலீட்டாளரும் அதிகாரியும் இடம்பெறுவர் என்பதில் ஐயமில்லை. காயல் கரையில் வாழ்பவருக்கும் அங்கே ஓர் இடம் இருக்குமா?

கரக்பூரில் படித்த இரு இளைஞர்கள் ஒருமுறை முதலீடு தேடி லண்டனுக்குப் போனார்கள். இப்போது பணம் தில்லியிலேயே ஒதுக்கப்படுகிறது. அது நல்ல முறையில் செலவிடப்பட்டதா என்பதை 5 ஆண்டுகளுக்குப் பின் தணிக்கைத் துறை சொல்லும். மட்டாஞ்சேரிக்கோ ஒவ்வொரு கார்த்திகையிலும் வாசற்படிக்கு வந்து தண்ணீர் சொல்லிவிட்டுப் போகும்.