பிரேசிலின் பிக்கப் வண்டியும் கரும்பு எத்தனாலும்

பிரேசில் தேசத்தில் 2021 முதல் 2024 வரை, நான்கு ஆண்டுகளும் தொடர்ந்து மிக அதிகமாக விற்பனையானது சொகுசுக் காரன்று. ஃபியட் ஸ்ட்ராடா என்ற சிறிய பிக்கப் வண்டியே. பின்புறத்துத் திறந்த பெட்டியில் முக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைவான பாரத்தை ஏற்றிக்கொண்டு, பால் கேன், சிமெண்டு மூட்டை, காய்கறிக் கூடை என்று எதையும் சுமந்து செல்லும் இவ்வண்டியின் டேங்கில் பெட்ரோலையும் ஊற்றலாம், கரும்பிலிருந்து வடித்த எத்தனாலையும் ஊற்றலாம், இரண்டையும் எந்த விகிதத்தில் கலந்தும் ஊற்றலாம் என்பதே அதன் விசேஷம். எத்தனால் எஞ்சினைக் கெடுக்குமா, மைலேஜைக் குறைக்குமா என்று நம் நாட்டில் இன்று எழுந்துள்ள சந்தேகங்களுக்கு அரை நூற்றாண்டு அனுபவத்தோடு விடை சொல்லத்தக்க தேசம் அதுவே ஆதலால், அங்கே நடந்ததைச் சற்று விரிவாகக் காண்பது பிரயோஜனமாகும்.

1973-இல் எண்ணெய் விலை திடீரென்று உயர்ந்தபோது, தனக்கு வேண்டிய எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை வெளிநாடுகளிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த பிரேசில் பெரும் சங்கடத்துக்கு உள்ளாயிற்று. கரும்போ அங்கே ஏராளம். எனவே 1975-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி, ஜனாதிபதி எர்னஸ்டோ கெய்செலின் அரசாங்கம் ‘புரோஆல்கூல்’ என்ற திட்டத்தைப் பிரகடனம் செய்தது. மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்துப் பெட்டிம் நகரில் தொழிற்சாலை அமைத்திருந்த ஃபியட் நிறுவனம், முழுக்க எத்தனாலிலேயே ஓடும் ‘147’ என்ற காரை 1979-இல் வெளியிட்டது. இக்காரின் வம்சத்தில் வந்த சிறு பிக்கப் வண்டியின் வாரிசே இன்றைய ஸ்ட்ராடா.

அக்காலத்து எஞ்சினியர்கள் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. பெட்ரோலுக்கென்று அமைந்த எஞ்சினில் எத்தனாலை வெறுமனே ஊற்றிவிட்டு, வருவது வரட்டும் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. எத்தனாலும் அதிலுள்ள நீரும் உலோகத்தை அரிக்கும் என்பதால் கார்புரேட்டருக்கு நிக்கல் பூசினார்கள். எத்தனால் அதிக அழுத்தத்தையும் தாங்கி, தட்டல் சப்தமின்றி எரியும் என்பதால் எஞ்சினின் அழுத்த விகிதத்தை உயர்த்தினார்கள். குளிர்காலக் காலைகளில் எத்தனால் எளிதில் ஆவியாகாமல் வண்டி கிளம்ப மறுக்கும் என்பதால், முதல் முடுக்குக்கு மட்டும் உதவ, பானெட்டுக்கு அடியில் ஒரு சிறு பெட்ரோல் டேங்கைத் தனியே வைத்தார்கள். இந்தச் சிரத்தையே திட்டத்தின் உயிர் என்பது என் அபிப்பிராயம்.

ஆயினும் வேறொரு பெரும் தவறு நேர்ந்தது. 1980-களின் நடுவில் விற்பனையான புதிய கார்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் எத்தனாலை மட்டுமே குடிப்பவை. பின்னர் எண்ணெய் விலை இறங்க, சர்க்கரை விலை ஏற, ஆலை முதலாளிகள் கரும்பைச் சர்க்கரைக்குத் திருப்பிவிட்டார்கள். 1989-இல் எத்தனாலுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. அரசாங்கத்தின் வார்த்தையை நம்பி வண்டி வாங்கியவர்கள் பெட்ரோல் பங்குகளின் வாசலில் வரிசையில் காத்து நின்றார்கள். ஒருவனுடைய ஜீவனோபாயத்தையே ஒற்றை எரிபொருளோடு பிணைத்துவிட்டு, அது கிடைக்காத நாளில் அவனைத் தவிக்க விடுவது எவ்வளவு அநியாயம்! ஜனங்களின் நம்பிக்கை முறிந்தது. அடுத்த பத்தாண்டில் எத்தனால் கார் அநேகமாக மறைந்தே போயிற்று.

2003-இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் வெளியிட்ட ‘கோல் டோட்டல் ஃப்ளெக்ஸ்’ என்ற கார்தான் இந்த முடிச்சை அவிழ்த்தது. ஒரு கிலோ பெட்ரோல் செம்மையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கோ 9 கிலோ போதும். புகைக் குழாயிலுள்ள ஆக்ஸிஜன் சென்சார், மிஞ்சிய பிராணவாயுவை அளந்து தெரிவிக்க, டேங்கில் இருக்கும் கலவை எத்தகையது என்று எஞ்சினின் கம்ப்யூட்டர் அனுமானித்து, எரிபொருளின் அளவை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறது. ஆனால் இதற்குச் சிறிது ஓட்டம் வேண்டும். பெட்ரோலிலிருந்து எத்தனாலுக்கு மாறியவுடனே வண்டியை வீட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடாமல், சில கிலோமீட்டர் ஓட்டிய பிறகு நிறுத்தினால் மறுநாள் காலையில் சிரமம் இராது.

எத்தனாலின் ஒரு லிட்டரில் அடங்கிய சக்தி, பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே மைலேஜ் குறையும். அதை மறைப்பதில் யாருக்கும் லாபமில்லை. பிரேசில்காரர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: எத்தனாலின் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், மேலே போனால் பெட்ரோல். உதாரணமாக, பெட்ரோல் லிட்டர் பிரேசில் நாணயத்தில் 6 ரெயாலாக இருக்கையில் எத்தனால் 4 ரெயாலானால் எத்தனால் லாபம், 4.50 ஆனால் நஷ்டம். கரும்புக் காடுகள் நிறைந்த சாவோ பாவ்லோவில் எத்தனால் பெரும்பாலும் வெல்லும்; தூரத்து வட மாநிலங்களில் பெட்ரோலே வெல்லும். மைலேஜில் இழப்பது ஒருபுறமிருக்க, இழுவையில் சிறிது ஆதாயமும் உண்டு: 2020-இல் வந்த ஸ்ட்ராடாவின் 1.3 லிட்டர் எஞ்சின் பெட்ரோலில் 101 குதிரைசக்தியும் எத்தனாலில் 109 குதிரைசக்தியும் தருவது.

நிலத்தின் கதையையும் சொல்லாமல் விடலாகாது. கரும்புச் சக்கையை எரித்தே ஆலைகள் நீராவியும் மின்சாரமும் பெறுகின்றன என்பது பெருமைக்குரியது. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலுக்குப் பத்து லிட்டருக்கும் மேலாக வெளிவரும் கழிவுநீர், பயிருக்கு உரமாகப் பாய்ச்சப்படுமுன் ஆறுகளை நாசம் செய்தது. தோகைக்குத் தீவைத்த வயலில், கரியும் புகையும் சூழ, கூலித் தொழிலாளர்கள் கரும்பு வெட்டிய கொடுமை, சாவோ பாவ்லோவில் 2007-இல் ஆலைகளோடு ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகு இயந்திர அறுவடையால் படிப்படியாகக் குறைந்தது.

இனி நம் நாட்டுச் சந்தேகங்களுக்கு வருவோம். பெட்ரோலில் 20 சதவீத எத்தனாலை எட்டிவிட்ட நம் தேசத்தில், பழைய வண்டிகளில் பல 10 சதவீதத்துக்கென்று அமைந்தவை. பிரேசிலில் சாதாரணப் பெட்ரோலிலேயே 2025 ஆகஸ்டு முதல் 30 சதவீதம் எத்தனால். எனினும் பிரீமியம் பெட்ரோலில் அது 25 சதவீதமாகவே நிறுத்தப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் கார்புரேட்டர் வைத்த பழைய பிக்கப் வைத்திருப்பவர் செய்யவேண்டியது சிலவே: எத்தனாலில் ஊறிக் கெடும் ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் மாற்றுவது, டேங்கில் படிந்த பழைய அழுக்கை எத்தனால் கரைத்துக் கொண்டுவரும் என்பதால் முதலில் ஃபில்டரை அடிக்கடி பார்ப்பது, ஈரத்தை உறிஞ்சும் கலவை நாளாவட்டத்தில் நீரும் எத்தனாலுமாகப் பிரிந்து அடியில் தங்கிவிடக்கூடும் ஆதலால், மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைக்கையில் பழைய எரிபொருளை டேங்கில் விட்டு வைக்காதிருப்பது.