பழைய ஹெரால்டுக்குப் புது நம்பர் பிளேட்

சென்னையிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்குக் காரில் போகிறவர்களுக்கு, ரேணிகுண்டா வந்துவிட்டால் திருப்பதி வந்துவிட்ட மாதிரிதான். அறுபது ஆண்டுகளுக்கு முன்பு இந்தச் சாலையில் ஓடிய கார்களில் ஃபியட்டைக் கழித்துவிட்டால் மிச்சம் அநேகமாக பிரிட்டிஷ் வம்சம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியொற்றி வந்த அம்பாசடர், எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் உதிரிகளைச் சேர்த்து உருவாக்கிய ஆஸ்டின் ஏ40, சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்த ஹெரால்ட். தொழிற்சாலைகள் மூடினாலும் பெயர் மாறினாலும், இந்தக் கார்களில் சில இன்னும் வீட்டு ஷெட்டுகளில் ஓடுகிற நிலையில் நிற்கின்றன.

அப்படியொரு ஹெரால்ட் ரேணிகுண்டாவில் ஒரு வீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஓடுகிறது, ஆர்.சி. செல்லுபடியாகிறது, பெயின்ட் கெடவில்லை. குறை ஒன்றே ஒன்று: உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் இல்லை. 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகள் இந்தத் தகட்டோடுதான் விற்பனைக்கு வருகின்றன. பழைய வண்டிகளுக்கும் மாட்டச் சொல்லிப் பல மாநிலங்கள் கெடு விதித்திருக்கின்றன. புது வண்டியில் இது ஐந்து நிமிட வேலை. 1960களின் பிரிட்டிஷ் காரில் மாட்டுவதற்கு ஒளியியல், மின்வேதியியல், மின்சுற்று என்று மூன்று பாடங்களைப் புரட்டிவிட்டு வர வேண்டியிருக்கிறது.

ஏழு எழுத்துக்கு வைத்த இடம்

பிரிட்டனில் கார்களுக்குப் பதிவெண் கட்டாயமானது 1904 ஜனவரி 1 அன்று. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிகெலாட்டியின் கைவண்ணத்தில் 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்ட் அங்கே அறிமுகமானபோது, ஒரு பதிவெண்ணில் எழுத்தும் இலக்கமுமாகச் சேர்த்து அதிகபட்சம் ஆறு. 1963-இல் ஆண்டைக் குறிக்கும் எழுத்து ஒன்று சேர்ந்து ஏழானது. இந்தியாவிலும் அப்போது மூன்று எழுத்து, நான்கு இலக்கம்; அதுவும் ஏழுதான். 1989 ஜூலை 1 அன்று புதிய மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் மாநிலக் குறி, வட்டார எண், வரிசை எழுத்து, நான்கு இலக்கம் என்று பத்து வரை நீண்டது. ரேணிகுண்டா அன்று இருந்த சித்தூர் மாவட்டத்துக்கு ஏ.பி. 03 கிடைத்தது அந்த முறையில்தான்.

ஆகவே அந்தக் காலத்துக் காரில் தகட்டுக்கு ஒதுக்கிய இடம் ஆறேழு எழுத்துக்குக் கணக்கிட்டதுதான். நம் ஹெரால்டின் எண் பழைய ஏழெழுத்து எண்ணாகவே இருந்தாலும், அதற்காகத் தகட்டின் அளவு சுருங்காது. கார்களுக்கு விதி அனுமதிப்பது இரண்டு அளவுகள்: நீளவாக்கில் 500×120 மில்லிமீட்டர், இரண்டு வரியாக எழுத 340×200 மில்லிமீட்டர்.

பிரிட்டிஷ் வடிவமைப்பாளர்களுக்கு நம்பர் பிளேட் என்பது கடைசியில் ஒட்டவைக்கும் சமாச்சாரமாக இருக்கவில்லை. 1959-இல் வந்த மினி காரில் பின்பக்கத் தகடு கீல் வைத்து டிக்கி மூடியில் தொங்கும். மூடியைக் கீழே இறக்கி, அதன்மேல் சாமான் வைத்துப் போனாலும் தகடு செங்குத்தாகத் தொங்கி எண்ணைக் காட்டும். டிக்கி திறந்திருக்கையில் புகைப்போக்கியின் புகை காருக்குள் வருகிறது என்று தெரிந்த பிறகு அந்தக் கீலைப் பின்னாளில் கைவிட்டார்கள். ஜாகுவார் இ-டைப்பின் முன்வாய் ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழி. தகட்டை வைத்து அதை அடைக்க மனமில்லாமல் எண்ணை பானெட் மேலேயே ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டவர்கள் உண்டு. இப்படிப்பட்ட காரில் அரை மீட்டர் நீளத் தகட்டைக் கொண்டுபோய் மாட்டினால் காற்றோட்டமும் மாறும், தோற்றமும் மாறும்.

எழுத்தையாவது சிறிதாக்கலாமா என்றால் அதற்கும் வழியில்லை. கார்களுக்கு எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர். குறையில்லாத பார்வைக்கு ஓர் எழுத்து கண்ணில் 5 கலை அளவுக் கோணமாவது பிடிக்க வேண்டும். கண் மருத்துவரின் எழுத்து அட்டையும் இதே கணக்கில் அமைந்ததுதான். ஒரு பாகையை அறுபதாகப் பங்கிட்டால் ஒரு கலை. கணக்குப் போட்டால் 65 மில்லிமீட்டர் எழுத்தை ஏறத்தாழ 45 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கலாம். எழுத்தைப் பாதியாக்கினால் தூரமும் பாதியாகிவிடும்.

தகட்டுக்குள் ஒரு கண்ணாடி

புதுத் தகட்டை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இடது மேல் மூலையில் 20 மில்லிமீட்டர் சதுரத்தில் அசோகச் சக்கர ஹாலோகிராம். சாய்க்கச் சாய்க்க அதில் வானவில் நிறம் ஓடும். அது சாயமல்ல, குரோமியப் படலத்தில் இருக்கும் நுண்ணிய வரிகள் வெள்ளை ஒளியைப் பிரித்துக் காட்டுகின்றன. அதன் கீழே நீல நிறத்தில் நாட்டின் குறி. இடது கீழ் மூலையில் லேசரால் பொறித்த நிரந்தர எண். கறுப்பு எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினால் மேடு தட்டும்: 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை அச்சில் அழுத்தி எழுப்பி, மேட்டின் மேல் சூடாகப் படலம் ஒற்றியிருக்கிறார்கள்.

உண்மையான வித்தை வெள்ளைப் பரப்பில் இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி, சாய்வாக வரும் ஒளியை மறுபக்கம் தள்ளிவிடும். இந்தப் படலமோ வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். இதற்கு ஒரு வழி நுண்ணிய கண்ணாடி மணிகள். உள்ளே நுழையும் ஒளி வளைந்து மணியின் பின்புறத்தில் குவிந்து, அங்கே எதிரொளித்து, வந்த வழியே வெளியேறும். ஜன்னல் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, சரியாகப் பின்புறத்தில் குவிய வேண்டுமென்றால் 1.9-ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்பதால் தனிவகைக் கண்ணாடி தேவைப்படுகிறது. முப்பட்டகங்களை வரிசையாக வைத்தும் இதே விளைவைக் கொண்டுவரலாம்.

பின்னால் வரும் கார் ஓட்டுநரின் கண், அவருடைய முகப்பு விளக்குக்குச் சற்று மேலே இருக்கிறது. அந்த இடைவெளி 60 சென்டிமீட்டர் என்றால், 100 மீட்டர் தூரத்தில் அது உண்டாக்கும் கோணம் மூன்றில் ஒரு பாகைதான். திரும்பி வரும் ஒளி அவ்வளவு சிறிய கூம்புக்குள் விரிவதால் அவர் கண்ணுக்குத் தகடு பளிச்சென்று தெரிகிறது. லென்ஸுக்குப் பக்கத்திலேயே அகச்சிவப்பு விளக்கு வைத்த சாலைக் கேமராவுக்கும் இதே கணக்கு.

தகட்டை வளைத்தாலோ அதிகமாகச் சாய்த்தாலோ இந்தக் கணக்கு கெடும். பழைய புல்லட்டுக்காரர்களின் சிக்கல் இதுதான். சென்னையில் 1955 முதல் தயாராகும் அந்த பிரிட்டிஷ் பைக்கில், முன் மட்கார்டின் வளைவை ஒட்டி நிற்கும் தகட்டில்தான் அந்நாளில் எண் எழுதுவார்கள். பிரிட்டன் 1975-இல் பைக்குகளுக்கு முன்தகடே வேண்டாம் என்று விட்டுவிட்டது. இங்கே 285×45 அல்லது 200×100 மில்லிமீட்டர் தட்டைத் தகட்டைத்தான் மாட்டியாக வேண்டும்.

பூட்டும் துருவும்

தகட்டை மாட்டுவது ஸ்நாப் லாக் எனப்படும் ஒருவழிப் பூட்டு. ஒருமுறை அழுத்திவிட்டால் உடைத்துத்தான் எடுக்க முடியும். தகட்டைத் திருடி வேறு வண்டியில் மாட்டுவதைத் தடுக்க இந்த ஏற்பாடு. ஆனால் பழைய காரில் துளைகள் அதற்கேற்ற இடத்தில் இருப்பதில்லை. உடனே டிரில்லிங் மெஷின் வெளியே வருகிறது. கெடுதல் தொடங்குவது அங்கேதான்.

துளையிட்ட விளிம்பில் பெயின்ட் போய் வெறும் இரும்பு வெளியே தெரிகிறது. தகட்டுக்கும் பாடிக்கும் இடையே மழைத்தண்ணீர் தங்கினால் அந்த இடுக்கில் துரு பிடிக்கும். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. நியம மின்முனை அழுத்தம் அலுமினியத்துக்கு −1.66 வோல்ட், இரும்புக்கு −0.44 வோல்ட். அலுமினியத்தின் மேல் இயல்பாகப் படியும் ஆக்சைடு படலம் காப்பாற்றப் பார்த்தாலும், உப்பு ஈரம் பட்டால் அது ஓட்டை விழுந்து வெள்ளைப் பொடியாகப் பூக்கும். நிக்கல், குரோமியம் பூசிய பெரிய பம்பரோடு தகடு நேராக ஒட்டிக்கொண்டிருந்தால் அரிப்பு வேகமாகும். ரேணிகுண்டாவில் இது மெதுவாக நடக்கும். அதே கார் சென்னைக் கடற்காற்றில் நின்றால் சீக்கிரமே தெரியும்.

மருந்து மிக மலிவானது: இரண்டு உலோகமும் தொடாதபடி ரப்பர் பட்டையும் நைலான் வாஷரும்.

பிளஸ் எர்த்

பின்தகட்டுக்கு விளக்கு வேண்டும். 15 மீட்டர் தூரத்திலிருந்து எண்ணைப் படிக்கும்படி அது ஒளி தர வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. ஒளி திருப்பும் தகட்டுக்கு விளக்கு எதற்கு என்று கேட்கலாம். விளக்கு தகட்டின் மேலிருந்து சரிவாக ஒளி பாய்ச்சுகிறது. படலம் அதைப் பெரும்பாலும் விளக்குக்கே திருப்பிவிடும். பின்னால் முகப்பு விளக்கில்லாமல் நிற்பவர் கண்ணுக்குச் சிதறும் கொஞ்சம் ஒளிதான் வரும். அதனால் விளக்கு நன்றாகவே எரிய வேண்டும்.

இங்கே இன்னொரு பிரிட்டிஷ் பழக்கம் குறுக்கே வருகிறது. 1960களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பிளஸ் முனையை பாடியோடு இணைத்தார்கள்; இதுதான் பிளஸ் எர்த். இன்றைய கார்களில் மைனஸ் முனை. பழைய இழை பல்புக்கு மின்சாரம் எந்தப் பக்கம் பாய்ந்தாலும் ஒன்றுதான். எல்.இ.டி. ஒரு திசையில் மட்டுமே எரியும். அதனால் கடையில் வாங்கி அப்படியே சொருகும் எல்.இ.டி. பல்பு பிளஸ் எர்த் காரில் எரியாமல் போகலாம். ரேணிகுண்டாவை அடுத்த கரக்கம்பாடியில் அமர ராஜா தொழிற்சாலையில் தயாராகும் பேட்டரியை இந்தக் காரில் தாராளமாக வைக்கலாம். பேட்டரிக்கு எர்த் பேதம் கிடையாது. ஆனால் ஒயரை மாற்றிக் கொடுத்தால் மின்சாதனம் கருகும். எந்த எர்த் என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021 ஜூலையில் மத்திய அரசு ஐம்பது ஆண்டு தாண்டிய, அசல் வடிவம் மாறாத கார், பைக்குகளுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதிதாகப் பதிவாகும் வண்டியின் எண்ணில் மாநிலக் குறியை அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது ஆகியவற்றுக்குச் சாலையில் ஓட்டலாம். தினசரி உபயோகத்துக்கும் வாடகைக்கும் கூடாது. அசல் வடிவம் மாறக் கூடாது என்பது நிபந்தனையாக இருக்கும்போது, பாடியில் துளை போடுவது நம் தலையில் நாமே மண்ணைப் போட்டுக்கொள்வது.

பிரிட்டனில் 1973 முதல் புதுக் கார்களுக்கு ஒளி திருப்பும் தகடு கட்டாயம். ஆனால் 1980-க்கு முன் தயாராகி, வரலாற்று வாகன வரிப் பிரிவில் பதிவான கார்கள் பழைய கறுப்புத் தகட்டோடே ஓடலாம். இங்கும் அப்படி ஒரு சலுகை வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இருட்டில் லாரிகளுக்கு நடுவே ஓடும் மங்கலான வால்விளக்குக் காருக்கு, ஒளி பட்டதும் பளிச்சிடும் ஒரு வெள்ளைத் தகடு துணை. தகடு வரட்டும், துளை வேண்டாம்.

ஹெரால்டோ அம்பாசடரோ வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது இதுதான். தகடு வாங்கும் முன் முன்னும் பின்னும் இடத்தை அளந்து, இரண்டு அளவில் எது பொருந்தும் என்று முடிவு செய்யுங்கள். காரில் இருக்கும் பழைய துளைகளிலேயே பொருந்தும்படி ஓர் இரும்புப் பிராக்கெட் செய்து, பெயின்ட் அடித்து, இடையில் ரப்பர் வைத்து உறுதியாக முடுக்குங்கள். ஸ்நாப் லாக் அந்தப் பிராக்கெட்டில் விழட்டும். ஹெரால்டின் முன்பாகம் முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். தகடு அதில் முட்டுகிறதா என்று முதலில் திறந்து பாருங்கள். கழற்றிய கறுப்புத் தகட்டை மட்டும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதுவும் அந்தக் காரின் அசல் உதிரிபாகம்தான்.