ஒரு சோறு பதம்

ஊடகத்துறை பயிலும் மாணவர் வேலை தேடிச் செல்லுமிடத்திற் சான்றிதழோடு ‘ஷோரீல்’ ஒன்றையும் கேட்பர். தாம் படம்பிடித்தவை, தொகுத்தவை ஆகியவற்றுள் நல்லவற்றைத் தெரிந்து கோத்த சிறு தொகுப்பே அது. ஓரிரு நிமிடம் போதும். சிறந்த காட்சி முதலில் வரவேண்டும். பார்ப்பவர் இறுதிவரை பொறுத்திருப்பார் என்பது நிச்சயமன்று.

செய்தவை அனைத்தையும் காட்டிவிடும் ஆசை நமக்கு இயல்பே. ஆனால் அமெரிக்க இயக்குநர் டேமியன் ஷசெல் செய்தது வேறு. ‘விப்லாஷ்’ என்னும் முழுநீளத் திரைக்கதையை எழுதிவைத்திருந்தும், அதில் ஒரு பகுதியை மட்டுமே குறும்படமாக்கினார். 2013 இல் சண்டான்ஸ் விழாவில் அது பரிசு பெற்றது. முழுப்படத்துக்குப் பணமும் கிடைத்தது. 2014 இல் வெளிவந்த அப்படம் மூன்று ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. ஒரு சோறு, பானை முழுவதற்கும் பதம் சொல்லிற்று.

அந்தச் சோறு நம் பானையினதாகவே இருத்தல் வேண்டும். படம் என்பது பலர் கூடி இழுக்கும் தேர். நண்பர் கமரா பிடிக்க, நாம் ஒலிப்பதிவு செய்திருப்போம். அக்காட்சியைச் சேர்க்கும்போது, ‘ஒலிப்பதிவு மட்டும் என்னுடையது’ என்று எழுதிவிடுவதே முறை. எழுதாது விட்டால், வேலைத்தலத்தில் கமரா நம் கைக்கு வரும் முதல் நாளே உண்மை வெளிப்படும். நண்பரையும் இழப்போம், வேலையையும் இழப்போம்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை: பிள்ளை இரவெல்லாம் கணினி முன்னிருந்து காட்சிகளை வெட்டி ஒட்டுவதை வீண்பொழுது என்று கடிந்துகொள்ளாதீர்கள். அவர் தமக்கென ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறார். அது நேர்மையான பெயராக அமைகிறதா என்பதை மட்டும் கேட்டறியுங்கள்.