குடலிறக்கத்துக்குள் ஒரு குடல்வால்
லண்டன், 1735

செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக்கு 11 வயதுச் சிறுவன் ஒருவன் கொண்டுவரப்பட்டான். சிறு வயது முதலே அவனுக்குக் குடலிறக்கம். வீங்கிய விதைப்பைக்கும் தொடைக்கும் இடையே புரையோடி, சீழ் வடிந்துகொண்டிருந்தது.

டிசம்பர் 6 அன்று கிளாடியஸ் அமியாண்ட் அறுவை செய்தார். பிரான்சிலிருந்து அகதியாக வந்த குடும்பம் அவருடையது. அப்போது மன்னர் இரண்டாம் ஜார்ஜின் அறுவை மருத்துவர். இறக்கப் பையைத் திறந்ததும் மடிந்து சுருண்டு கிடந்த குடல்வாலைக் கண்டார். கல்போலப் படிவு ஏறிய குண்டூசி ஒன்று அதைத் துளைத்திருந்தது. குடல்வாலின் அடியை நூலால் இறுகக் கட்டி, நோயுற்ற பகுதியை வெட்டி எடுத்தார்.

மயக்க மருந்து புழக்கத்துக்கு வர இன்னும் நூறாண்டுக்கு மேல் இருந்தது. ஏறக்குறைய அரை மணி நேர வலியைச் சிறுவன் விழித்தபடியே தாங்கினான், பிழைத்தும் கொண்டான். பதிவாகியுள்ள முதல் குடல்வால் நீக்கம் இதுவே. குடல்வால் அழற்சியை ஒரு தனி நோயாக ரெஜினால்ட் ஃபிட்ஸ் விளக்கியது 1886இல்தான்.

கவட்டைக் குடலிறக்கத்தில் குடல்வால் சிக்குவது அரிது. இன்றும் அதற்கு ‘அமியாண்ட் குடலிறக்கம்’ என்றே பெயர். குடல்வால் நலமாக இருந்தால், பெரும்பாலும் அதை வயிற்றுக்குள் தள்ளிவிட்டு வலை வைத்துத் தைப்பார்கள். சீழ் பிடித்திருந்தால் அதை நீக்குவார்கள். தொற்று பரவும் என்பதால் பொதுவாக வலையைத் தவிர்த்து, சொந்தத் தசையைக் கொண்டே தைப்பார்கள்.