அடக்க விலை தெரியாத முதலாளி

எமது வாப்பாமார் காலத்தில் மொரிஸ் மைனரும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் ஓடாத ஊர் இல்லை. இ.போ.ச. பஸ்ஸின் முகப்பில் லேலண்ட் என்ற பெயரை வாசித்தே எழுத்துப் பழகியவர்களும் எம்மில் உண்டு. இப்பெயர்கள் யாவும் 1968 இல் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற ஒரே கம்பனியின் கீழ் வந்தன. அவ்வளவு பெரிய வியாபாரம் எப்படி அழிந்தது?

தொழிலாளர்தான் அழித்தார்கள் என்பது பலரின் பதில். அதில் உண்மை இல்லாமலில்லை. 1970களில் ஒரு பகுதியில் சின்னத் தகராறு வந்தால் முழு ஆலையும் நின்றுவிடும். பேர்மிங்ஹாம் லோங்பிரிட்ஜ் ஆலையின் தொழிற்சங்கத் தலைவர் டெரெக் ரொபின்சன் 1979 நவம்பரில் நீக்கப்பட்டார். அவருக்காக வேலைநிறுத்தம் செய்யத் தொழிலாளரே பெரும்பான்மையாக மறுத்துவிட்டார்கள். அதன் பிறகாவது கம்பனி நிமிர்ந்ததா? இல்லை.

ஏனெனில் நோய் பழையது. 1959 இல் மினி கார் 500 பவுணுக்கும் குறைந்த விலைக்குச் சந்தைக்கு வந்தது. போட்டிக் கம்பனியான போர்ட் ஒரு மினியை வாங்கி, துண்டு துண்டாகக் கழற்றிக் கணக்குப் பார்த்தது. ஒரு காருக்குச் சுமார் 30 பவுண் நட்டம் என்பது அதன் கணிப்பு. விற்பனை பெருகியது, இலாபம் பெருகவில்லை.

அடுத்தது, வீட்டுக்குள் போட்டி. ஒஸ்டினும் மொரிஸும் 1952 இலேயே இணைந்தும், ஒரே மினியை இரண்டு பெயரில் இரண்டு முகவர் கூட்டம் விற்றது. 1971 இல் மரீனா, 1973 இல் அலெக்ரோ என்று ஏறக்குறைய ஒரே வாடிக்கையாளருக்கே இரண்டு கார்கள் செய்தார்கள். சம்பளமும் ஆலைக்கு ஆலை வேறுபட்டது. பக்கத்து ஆலைக்காரனுக்குக் கிடைப்பது தனக்கில்லை என்றால் எந்தத் தொழிலாளி சும்மா இருப்பான்?

1975 இல் அரசாங்கம் கையேற்றது. பின்னர் கை மாறிக் கை மாறி, எஞ்சிய ரோவர் கார்ப் பகுதியை 2000 இல் பி.எம்.டபிள்யூ வெறும் 10 பவுணுக்குக் கொடுத்தது. 2005 ஏப்ரலில் அதுவும் விழ, சுமார் 6,000 பேர் வேலை இழந்தனர். அந்த ஐந்து வருடத்தில் மேலிருந்த ஐவர் சம்பளமும் ஓய்வூதியமுமாக 42 மில்லியன் பவுண் வரை பெற்றதை 2009 இல் வெளியான விசாரணை அறிக்கை காட்டியது. இந்த வீழ்ச்சிக்கு எந்த வேலைநிறுத்தத்தைக் குறை சொல்வது?

எனது கடையிலும் ஒருமுறை மூன்று பையன்மார் ஒரே கிழமையில் விலகினார்கள். நன்றி கெட்டவர்கள் என்று ஏசினேன். ஒரு மாதம் கழித்துச் சம்பளப் புத்தகத்தைப் புரட்டினேன். ஒரே வேலைக்கு மூவருக்கும் மூன்று சம்பளம். கொடுத்த திகதியும் மாதத்துக்கு மாதம் வேறு. எழுதியிருந்தது என் கையெழுத்து.

வேலையாளோடு சண்டை வந்தால், அவனைக் கூப்பிடுமுன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கும்.