செவியிலார் தொலைபேசியில் உரையாடும் முறை

தொலைபேசிக்கு 1876ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்ற அலெக்சாந்தர் கிரகாம் பெல் என்பார் செவிப்புலனற்றோர்க்குப் பேச்சுப் பயிற்றிய ஆசிரியராவர். அவர்தம் அன்னையாரும் மனைவியாரும் செவிப்புலன் இழந்தவர்களே. எனினும், அவர் ஆக்கிய கருவி அன்னோர்க்கு நெடுங்காலம் பயன்படாதிருந்தது. அதுமட்டுமன்று, வணிகமும் வைத்தியமும் அரச கருமமும் தொலைபேசி வழி நடைபெறத் தொடங்கியபின், செவியிலார் முன்னரினும் பிறர் உதவியை எதிர்நோக்குவோராயினர். அயலாரையோ, செவிப்புலனுள்ள தம் பிள்ளைகளையோ கொண்டே வைத்தியரோடும் வங்கியோடும் பேசவேண்டியிருந்தது. தந்தையின் கடனையும் தாயின் நோயையும் சிறுவனொருவன் தன் வாயால் எடுத்துரைக்க நேர்தல் எத்துணைத் துன்பம்!

அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டில் இந்நிலை மாறத் தொடங்கியது. செவிப்புலனற்ற பௌதிகவியலாளரான றொபேட் வைற்பிறெக்ற், தம்மைப் போன்றே செவியிலாரான பல் வைத்தியர் ஜேம்ஸ் மார்ஸ்ரேர்ஸ், அன்ட்ரூ சாக்ஸ் என்னும் இருவரோடுங் கூடி, தந்தித் தட்டெழுத்துப் பொறியைத் தொலைபேசியோடு இணைக்கும் வழி கண்டார். பிறர் கருவிகளைத் தம் கம்பியில் நேரே பொருத்தத் தொலைபேசிக் கம்பெனியார் அக்காலத்தில் இடங்கொடார். ஆதலின், தட்டிய எழுத்துக்களை ஒலிகளாக மாற்றி, தொலைபேசியின் கைப்பிடி வழியே அனுப்பும் இணைப்பியொன்றை அவர் அமைத்தார். மறுமுனையிலுள்ள பொறி அவ்வொலிகளை மீண்டும் எழுத்தாக்கும்.

ஆயினும், இருமுனையிலும் பொறியிருந்தாலன்றி இம்முறை பயன்தராது. மருந்துக் கடைக்காரரிடம் பொறி ஏது? இக்குறையைத் தீர்க்க எழுந்ததே இடைத்தூதுச் சேவை. செவியிலார் தட்டியனுப்புவதை நிலையத்திலுள்ள உதவியாளர் மறுமுனையாளர்க்கு வாய்விட்டுப் படிப்பார். அவர் கூறும் விடையைத் தட்டியனுப்புவார். ஒருவர் முடித்த பின்னரே மற்றவர் தொடங்கலாமாதலின், 'இனி நீர் பேசலாம்' என்பதற்கு ஒரு குறியுண்டு. நிமிடத்திற்கு ஏறத்தாழ அறுபது சொற்களே செல்லுமாதலின், பொறுமை வேண்டும். தாமே பேசவல்லோர் தம் குரலிற் பேசி, விடையை மட்டும் எழுத்தில் வாசித்தலும் உண்டு. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1993 முதல் அந்நாடெங்கும் இச்சேவை நடைபெறுகின்றது. சாதாரண அழைப்பினும் மிகுதியான கட்டணம் செவியிலாரிடம் அறவிடலாகாது என்பதும் அச்சட்டத்தின் விதியே.

இவற்றினும் நம் கருத்தைக் கவர்வது உதவியாளரின் ஒழுக்கமே. திருக்குறளின் தூது அதிகாரத்திற்கு உரைகண்ட பரிமேலழகர், தூதரைத் தாமே வகுத்துரைப்போரென்றும், கூறியதையே கூறுவோரென்றும் இருவகைப்படுத்துவர். இவ்வுதவியாளர் முற்றிலும் இரண்டாம் வகையினர். 'அவர் இவ்வாறு சொல்கிறார்' என்று கூறார். 'எனக்கு மருந்து வேண்டும்' என்றே கூறுவர். வசைமொழியாயினும் மாற்றார், அறிவுரை சொல்லார். மறுமுனையிற் குழந்தை அழுதால் அதனையும் தட்டியனுப்புவர். அழைப்பு முடிந்தபின் உரையாடலைக் குறித்து வைத்தலும் பிறர்க்குரைத்தலும் ஆகா. இவ்வொழுக்கம் இல்லையேல், அயலாரை அழைத்துப் பேசுவித்தலினும் இச்சேவை எவ்வகையிற் சிறந்தது?

பிற்காலத்தில் நிகழ்படத் தூதும் வந்தது. அதில் மொழிபெயர்ப்பாளர் திரையிற் கண்ட சைகைமொழியைப் பேச்சாகவும், பேச்சைச் சைகையாகவும் மாற்றுவர். சைகைமொழியையே தாய்மொழியாகக் கொண்டோர்க்கு ஆங்கிலத்தில் தட்டுதல் அயல்மொழியில் எழுதுதல் போன்றதாதலின், இம்முறையே அவர்க்கு இயல்பானது, விரைவும் மிகுதி. கைப்பேசிச் செய்திகள் பெருகியதனாற் பழைய தட்டெழுத்துப் பொறியின் வழக்குக் குன்றியதெனினும், குரலாலன்றி முடியாத கருமங்கள் இன்னும் பல உள.

பெருந்தடை கருவியில் இல்லை. அறியாத குரலொன்று சேவையின் பெயரைச் சொன்னவுடன், ஏதோ விற்க வந்தவரெனக் கருதி அழைப்பைத் துண்டிப்போர் பலர். அதனாலேயே உதவியாளர் முதற்கண், 'இத்தகைய அழைப்பை முன்னர் ஏற்றதுண்டோ?' என வினவிச் சுருக்கமாக விளக்குவர். அவ்விளக்கம் முடியுமுன்னரே தொலைபேசியை வைத்துவிடுவோரும் உளர்.