குட்டியீன்ற பூனையும் நம் கடமையும்

கயத்தாற்றில் ஆனி, ஆடித் திங்கள்களில் வீசும் காற்றை அறியாதார் இலர். மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியே புகுந்து கரிசல் காடுகளின் மீது புழுதி கிளப்பி வரும் அக்காற்றை நம்பியே இவ்வூரைச் சுற்றிக் காற்றாலைகள் நிறுத்தப்பட்டன. அத்தகைய காற்று நாளொன்றில், இரண்டாண்டுகளுக்கு முன், நம் தெருவில் வாடகைக்குக் குடியிருந்த ஒரு குடும்பத்தார் வீட்டைக் காலி செய்து வேற்றூர் சென்றனர். கட்டிலும் பீரோவும் ஆட்டுரலும் லாரியில் ஏறின. அவர்கள் வளர்த்த பூனை ஏறவில்லை. நாய் மனிதரோடு போகும், பூனை வீட்டோடு இருக்கும் என்பது நம்மூர்ப் பேச்சு. அப்பேச்சை நம்பி அதனை விட்டுச் சென்றனர் போலும். அப்பூனை அப்போது நிறைசூலாக இருந்தது.

சில நாள் கழித்து, நம் வீட்டுப் பின்கட்டில் அடுக்கி வைத்திருந்த பருத்திமார்க் கட்டுகளின் இடையே மெல்லிய முனகல் கேட்டது. கண் திறவாத நான்கு குட்டிகள் கிடந்தன, தாயைக் காணோம். ஊரை ஒட்டிச் செல்லும் நான்குவழிச் சாலையில் அது அடிபட்டு மாண்டிருக்கக்கூடும் என்று நாமே முடிவு செய்துகொண்டோம். குட்டிகளை ஓர் ஓலைப்பெட்டியில் எடுத்துவந்து, மல்லாத்திப் படுக்கவைத்து, பஞ்சை நனைத்துப் பசும்பாலைப் புகட்டினோம். நற்செயல் செய்துவிட்ட மனநிறைவும் நமக்கு இருந்தது.

அன்றிரவு தாய் வந்தது. பருத்திமார்க் கட்டுகளைச் சுற்றிச் சுற்றி வந்து அது கதறிய கதறலில் தெருவே விழித்துக்கொண்டது. அடுத்த வீட்டு ஆச்சி வந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, "தாய் இரை தேடப் போயிருக்கும் ஐயா. அதுக்குள்ள பிள்ளைகளத் தூக்கிட்டு வந்துட்டீகளே!" என்றார். பெட்டியைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தோம். எனினும் விடியுமுன் ஒரு குட்டி இறந்துவிட்டது. பிழை நம்முடையது. இரக்கம் மிகுதியாயிருந்தும் அறிவு குறைந்தமையால் நேர்ந்த பிழை அது. பிறர்க்கு அது நேராதிருக்கவே இக்கட்டுரையை வரைகின்றோம்.

பூனையின் சூல்காலம் ஏறத்தாழ ஒன்பது வாரங்கள். பிறந்த குட்டி நூறு கிராம் அளவே எடையுள்ளது. கண் திறக்க ஏழு முதல் பதினான்கு நாள்வரை ஆகும். முதல் சில வாரங்களில் குட்டிகள் தம் உடல்வெப்பத்தைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவை. தாயின் வயிற்றுச் சூடும் உடன்பிறந்தவற்றின் நெருக்கமுமே அவற்றிற்குப் போர்வை. சிறுநீர் கழிக்கவும் அவை தாமாக அறியா. தாய் நாவால் நக்கித் தூண்டினால்தான் கழிக்கும். பாலூட்டும் தாய்க்கோ பசி மிகுதி. ஆதலின் குட்டிகளை விட்டுப் பல மணிநேரம் இரை தேடிச் செல்லும். தாயைக் காணாத குட்டிகள் யாவும் தாயற்ற குட்டிகள் ஆகா.

நாம் செய்த பிழைகள் இப்போது விளங்கும். குளிர்ந்த உடம்புடைய குட்டிக்கு எதைப் புகட்டினாலும் செரிக்காது; முதலில் சூடேற்ற வேண்டும். மல்லாத்திப் புகட்டினால் பால் மூச்சுக்குழலுள் சென்று நுரையீரலை நிரப்பும். அன்றியும், பசும்பால் பூனைக்குட்டிக்கு உரிய உணவன்று. அதிலுள்ள பாற்சர்க்கரை வயிற்றுப்போக்கை உண்டாக்கி உடல்நீரை வற்றச்செய்யும். இதனைச் சொன்னால் நம்புவார் அரியர். கம்பர் தம் அவையடக்கத்தில், பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மைக் கூறிக்கொண்டார் அல்லரோ! பூனைக்குப் பால் என்னும் எண்ணம் நம்மிடம் அத்துணைப் பழையது.

ஆகவே, குட்டிகளைக் கண்டால் முதலில் செய்யத்தக்கது தள்ளி நிற்பதே. கிடக்கும் இடத்தைச் சுற்றி அடுப்புச் சாம்பலை வட்டமாகத் தூவிவிட்டுச் சில மணிநேரம் கழித்துப் பார்த்தால், தாயின் காலடி அதில் பதிந்திருக்கும். வயிறு நிறைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து உறங்கும் குட்டிகளுக்குத் தாய் உண்டு. உடல் குளிர்ந்து ஓயாது கத்துபவற்றிற்கே நம் உதவி வேண்டும். அப்போதும் கால்நடை மருத்துவரைக் கேட்டே செய்தல் வேண்டும்.

தாய் இருக்குமாயின் உதவி முழுவதும் அதன் வழியாகவே செல்லவேண்டும். மீன் கலந்த சோறும் நீரும் குட்டிகளினின்று சற்றே விலகிய இடத்தில் வைத்தால், நாயும் எறும்பும் குட்டிகளை நாடா. தாய் பசியாறினால் குட்டிகள் பசியாறும். இடம் பாதுகாப்பற்றதாயின், பழந்துணி விரித்த அட்டைப்பெட்டியொன்றை அருகே மறைவாக வைத்துவிட்டு ஒதுங்கிவிடலாம். தாய்க்கு விருப்பமிருந்தால் தானே மாற்றிக்கொள்ளும். நம் வீட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. மூன்றாம் நாள் நள்ளிரவில், எஞ்சிய மூன்று குட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பிடரியிற் கவ்வி, படிக்கட்டின் அடியில் நாம் வைத்திருந்த பெட்டிக்கு அது கொண்டுசென்றதைக் கண்டோம். கவ்விய மாத்திரத்தில் குட்டி கால்களை மடக்கிக்கொண்டு அசைவற்றுத் தொங்குகிறது. தென்கலை வைணவர் இறையருளுக்கு இதனையே உவமையாக்கி 'மார்ச்சார நியாயம்' என்றனர். குரங்குக்குட்டி தாயைத் தான் பற்றிக்கொள்ளும், பூனைக்குட்டியோ தான் ஒன்றும் செய்வதில்லை, தாயே பற்றும் என்பது அதன் கருத்து. வகுப்பறையில் பலமுறை விளக்கிய அவ்வுவமையின் பொருள் அன்றுதான் நமக்கு முழுதும் விளங்கியது எனலாம்.

இனி, நம் ஊர்ப்புறங்களில் வழங்கும் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேண்டாத பூனையையும் குட்டிகளையும் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்ச் சந்தையிலோ கண்மாய்க்கரையிலோ பள்ளிவாசல் வாயிலிலோ விட்டுவருகின்றனர். கொல்லவில்லையே என்று மனத்தைத் தேற்றிக்கொள்கின்றனர். தனக்குப் பழகிய இடத்தில் ஒதுங்கவும் இரை தேடவும் அறிந்த பூனை, அறியாத இடத்தில் நாய்க்கும் வாகனத்துக்கும் இரையாகும். குட்டிகளை மட்டும் விட்டால் அவை இரண்டொரு நாளும் தாங்கா.

பூனையொன்றைக் கட்டிவைத்து, உணவும் தராமல், தானே தேடித் தின்ன விடவும் செய்யாமல் சாகவிட்ட பெண் நரகம் புகுந்தாள் என்னும் நபிமொழியைப் புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் காண்கிறோம். பூனையை வைத்திருந்தது அப்பெண்ணின் குற்றமன்று. அதன் வாழ்வைத் தன் கையில் எடுத்துக்கொண்டு பொறுப்பைக் கைவிட்டதே குற்றம். நபித்தோழர் அபூகதாதா (ரலி) அவர்கள், அங்கசுத்திக்கென வைத்த நீரைக் குடிக்க வந்த பூனைக்குப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து நோக்கிய மருமகள் கப்ஷாவிடம், பூனை தூய்மையற்றதன்று, உங்களைச் சுற்றி வருவனவற்றுள் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) கூறியதை எடுத்துரைத்தார்கள். இதனை இமாம் மாலிக்கின் முவத்தாவும் அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்துள்ளன.

இவ்வுணர்வு ஓர் ஏற்பாடாகவே உருப்பெற்ற வரலாறும் உண்டு. 1260 முதல் 1277 வரை எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவின் வடபால் தாம் எழுப்பிய பள்ளிவாசலுக்கு அருகில் ஒரு தோட்டத்தை ஆதரவற்ற பூனைகளுக்கென்றே வக்ஃபு செய்தார். 1836இல் வெளியான தம் நூலில் எட்வர்டு லேன் என்னும் ஆங்கிலேயர் இதனை விவரிக்கின்றார். அவர் காலத்துக்குள் அத்தோட்டம் பலமுறை கைமாறி, சிறு தொகையொன்றே ஆண்டுதோறும் பூனைகளின் பங்காக எஞ்சியிருந்தது. அது போதாதாயினும், அறக்கொடைகளின் காவலரான காஜியார் கடமையை விடவில்லை. நாள்தோறும் அஸர் நேரத்தில் நீதிமன்றத்தின் பெரிய முற்றத்தில் இறைச்சிக் கழிவுகள் இடப்பட, பூனைகள் அழைக்கப்பட்டு உண்டன. பூனையை வைத்துக்கொள்ள இயலாத கெய்ரோ நகரத்தார், அதனைக் கொண்டுவந்து அம்முற்றத்திலேயே விட்டனராம்! அவர்களும் விட்டார்கள், நாமும் விடுகிறோம். ஆனால் அங்கே விட்ட இடத்தில் உணவும், அதற்கெனப் பொருளும், பொறுப்பேற்க ஒருவரும் இருந்தனர். நம் பள்ளிவாசல் வாயில்களில் இம்மூன்றும் இல்லை. பெரியோர்கள் சிந்திப்பார்களாக.

சட்டமும் இது பற்றிப் பேசுகிறது. மாநிலங்களவை உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் பெருமுயற்சியைத் தொடர்ந்து 1960இல் விலங்குவதைத் தடைச் சட்டம் நிறைவேறியது. பசியாலும் தாகத்தாலும் துன்புறக்கூடிய நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுதல் அச்சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றமாகும். முதன்முறைக் குற்றத்துக்கு அது வகுத்த தண்டம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. இன்று இரண்டு தேநீரும் வடையும் அதைவிட மிகுதியாகும்!

நம் பூனையின் செய்திக்கு வருவோம். எட்டு வாரங்கள் வரை குட்டிகளைத் தாயினின்று பிரிக்கவில்லை. நான்காம் வாரத்திலிருந்து அவை தாயின் தட்டில் வாய் வைக்கத் தொடங்கின. மூன்றாம் வாரத்திலிருந்தே நாள்தோறும் சிறிது நேரம் கையில் எடுத்துப் பழக்கினோம். ஏழு வாரத்துக்குள் மனிதர் கையை அறியாத குட்டி பின்னர்ப் பழகுவது கடினம். எட்டு வாரம் நிறைந்தபின் ஒன்றனை உளுந்து மண்டி வைத்திருக்கும் நண்பர் கேட்டு வாங்கிச் சென்றார். சாக்கு மூட்டைகளிடையே எலிகள் அவரை அத்துணை வாட்டியிருந்தன. மற்றொன்று நம் மாணவர் ஒருவரின் இல்லம் சேர்ந்தது. மூன்றாவதற்குக் கால் சற்று ஊனம், கேட்பார் இலராயினர். அதனை ஆச்சியே எடுத்துக்கொண்டார்.

தாய்ப்பூனையைப் பொறுத்தவரை ஒன்று எஞ்சியிருந்தது. பாலூட்டும் காலத்திலேயே பூனை மீண்டும் சூல்கொள்ளக்கூடும் என்பதைப் பலர் அறியார். ஆதலின் குட்டிகள் பால் மறந்ததும் அதனைக் கூடையில் வைத்து, திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் 2012இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசென்று கருத்தடை அறுவையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்வித்தோம். பேருந்தில் வழி நெடுகக் கத்திக்கொண்டே வந்தது. திரும்பிய நாள் முதல் பத்து நாள் நம்மை ஏறிட்டும் பாராமல் பழைய வீட்டுத் திண்ணையிலேயே கிடந்தது. அவ்வீட்டிற்கு வேறு குடித்தனம் வந்துவிட்டது. அவர்களும் அதனை விரட்டவில்லை. இப்போது பகலில் அங்கும், இரவில் நம் படிக்கட்டின் அடியிலுமாக இருந்து வருகிறது.